மஞ்சள் கவுன்காரி நூலகத்துக்குப் போனாள்

வாக்குவாதத்தில் ஒருநாளும் தோற்காத என் பிலோமினாவுக்கு,

இந்த முறையும் நீதான் ஜெயித்தாய். உன் ஒன்பது பிரெஞ்சு போஸ்டர்களும் பக்கத்து ஊர் நூலகத்தின் நீளச் சுவரில் தொங்குகின்றன. நேற்று திறப்பு விழா. நம் ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து சர்ச் ஆட்களே மூன்று கார்களில் வந்தார்கள். வண்டி நிறுத்த இடமில்லை என்றால் நம்புவாயா?

எண்பத்திரண்டில் முதல் போஸ்டரை நீ வாங்கிவந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறது. பூசை முடிந்து பழைய சாமான் விற்கிற ஃப்ளீ மார்க்கெட் போனவள், ஆளுயரக் காகிதச் சுருளோடு திரும்பினாய். பிரித்தால், மஞ்சள் கவுன் போட்ட ஒருத்தி பச்சை மது நிறைந்த கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அறுபது வருடத்துக்கு முன்னால் பாரிஸ் தெருச் சுவரில் ஒட்டுவதற்காக, கல்லில் வரைந்து அச்சடித்தது என்றாய். சாராய விளம்பரத்துக்கு ஃபிரேம் ஒரு கேடா என்று சிரித்தேன். மருந்துக் கம்பெனியில் லேபிள் சரிபார்க்கிற புத்தி சும்மா இருக்குமா? கவுன் ஓரத்தில் நீலம் ஒரு மயிரிழை விலகியிருக்கிறது, எங்களிடம் வந்தால் இது ரிஜெக்ட் என்றேன்.

அதைவிட மோசம், வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்த அன்று நான் செய்தது. சர்ச்சிலேயே மூத்தவர், தேவசகாயம் அங்கிள் வருகிறாரே என்று மஞ்சள் கவுன்காரிமேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன். நீ எல்லோர் முன்னாலும் அதை இழுத்துக் கீழே போட்டாய்.

"குடிக்கச் சொல்லல அங்கிள், பாக்கத்தான் சொல்லுது" என்றாய்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மானமே போய்விட்டதென்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளை இப்போது எங்கே போய்த் தேடுவேன்?

போஸ்டர் ஒன்பதாகச் சேர்ந்த பிறகு, கண்காட்சி வைக்கக் கேட்டு நீ நூலகத்துக்கு அப்ளை பண்ணினாய். நீ ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய மாதம் பதில் வந்தது: விளம்பரம் கலை ஆகாதாம்.

"பக்கத்துல வந்து பாக்காமலே சொல்லிட்டாங்களேங்க" என்றாய். உன் நோய்க்குக்கூட நீ அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை.

நீ போய் ஏழு மாதம் கழித்து, அந்த நூலகக் கமிட்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஆமாம், நானேதான். நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள். மஞ்சள் கவுன்காரியை ஃபிரேமிலிருந்து எடுத்து மேஜைமேல் விரித்தேன். ஆபீஸ் லென்ஸைத் தலைவி அம்மாளிடம் கொடுத்து, கோப்பையில் பச்சை மையைக் கண்டுபிடிக்கச் சொன்னேன்.

தேடினார். இருந்தால்தானே கிடைக்கும்? மஞ்சள் புள்ளிகளுக்கு மேல் நீலப் புள்ளிகள், அவ்வளவுதான். ஒரு நிறத்துக்கு ஒரு கல், ஒவ்வொரு கல்லிலும் கையால் வரைந்திருக்கிறார்கள், பச்சை நம் கண்ணில்தான் உண்டாகிறது என்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். பிறகு விலகிப்போன அந்த நீல ஓரத்தைக் காட்டினேன். நிறம் விலகிய லேபிளைத் தள்ளிவிடுவதுதான் என் பிழைப்பு, இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை, இங்கேதான் ஒரு மனிதர் வேலை செய்தது தெரிகிறது என்றேன்.

அந்த அம்மாள் லென்ஸை லேசில் திருப்பித் தரவில்லை. கடைசியில் நிமிர்ந்து, இப்படி இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். எட்டு என்றேன். எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

நேற்று நம் மகள் அனிதா வாசலில் நின்று எல்லோருக்கும் பூதக்கண்ணாடி கொடுத்தாள். தேவசகாயம் அங்கிளும் ஒன்றை வாங்கிக்கொண்டு, கோப்பைக்கு முன்னால் கால் மணி நேரம் குனிந்து நின்றார்.

"பச்சையே இல்லியேப்பா" என்றார்.

எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

சுவர் அட்டையில் முதலில் 'திருமதி சேவியரின் சேகரிப்பு' என்று டைப் அடித்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, பிலோமினா என்று உன் பெயரை மட்டும் அடிக்க வைத்தேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நீ எல்லோருக்கும் சேவியர் வைஃப்தானே? நேற்று முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் வந்து, நீங்கள்தான் பிலோமினாவின் கணவரா என்று கேட்டுக் கைகுலுக்கினார். ஆமாம் என்றேன். அவ்வளவு பெருமையாக இருந்தது, அழுதும்விட்டேன்.

இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இனி யாரிடமும் உன் பெயரைச் சொல்லித்தான் என்னை அறிமுகம் செய்துகொள்வேன். இந்தக் கடிதத்திலேயே தொடங்குகிறேன்.

அன்போடு,
பிலோமினாவின் புருஷன்