மிதிவண்டிப் பாதையை மறித்து நிற்கும் என் படத்தை அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
அ. ராயப்பன்,
துணிக்கடை விற்பனையாளர்,
திண்டிவனம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: கடைத்தெருச் சாலையின் மிதிவண்டிப் பாதையில் வைக்கப்பட்டுள்ள, என் படம் போட்ட பதாகையை அகற்ற வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வேலைக்கு மிதிவண்டியில்தான் போய்வருகிறேன். எங்கள் கடைத்தெருச் சாலையில் மிதிவண்டிக்காரர்களை பஸ்காரர்கள் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் வந்து ஏர் ஹாரன் அடிப்பார்கள். ஒதுங்கினால் சாக்கடை, ஒதுங்காவிட்டால் வசவு. இதை எங்கள் வார்டு உறுப்பினரிடம் பலமுறை முறையிட்டிருக்கிறேன்.

2. சென்ற தை மாதம் சாலையோரம் வெள்ளைக் கோடு போட்டு, மிதிவண்டிப் பாதை என்று எழுதினார்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் காரில் வந்து, அந்தப் பாதையிலேயே காரை நிறுத்தினார்கள். ஓட்டிக் காட்ட ஒருவரிடமும் மிதிவண்டி இல்லை. என்னுடையதைக் கேட்டார்கள், கொடுத்தேன். வார்டு உறுப்பினர் ஏறி உட்கார, இரண்டு பேர் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தி, "கை கூப்பிக்கினு இப்பிடிப் பாருங்கண்ணே" என்று படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

3. மறுவாரமே அந்தப் படத்தைப் பெரிதாக்கி, "பாதை தந்த தலைவருக்கு நன்றி" என்று எழுதி, சவுக்குக் கழி நட்டு, அதே பாதையின் குறுக்கே பதாகை வைத்துவிட்டார்கள். மேலே தலைவர் என்று எங்கள் வார்டு உறுப்பினர் சிரிக்கிறார். கீழே நான் கும்பிட்டபடி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறேன். மிதிவண்டியில் வருகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

4. எடுக்கச் சொல்லி அவருடைய ஆட்களிடம் கேட்டேன். "தலைவரு உனக்கு எவ்ளோ பெரிய மரியாதை பண்ணிக்கிறாரு, அதப் போயி எடுக்கச் சொல்றியே" என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

5. சென்ற வாரம், எங்கள் கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்யும் புனிதா என்பவர் பதாகையைச் சுற்றிப் போகையில் தனியார் பஸ் ஒன்று உரசி, கீழே விழுந்தார். நான் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஓட்டுநர் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக, "ஓரமா போறதுக்கு இன்னாம்மா கேடு?" என்று கத்திவிட்டுப் போனார். ஓரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன் ஐயா, பொன்னாடையோடு.

கூடியவர்களில் ஒருவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்னால் தலை நிமிர முடியவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது புனிதா, "நீங்க இன்னாண்ணே பண்ணுவீங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. புடவையை விரித்துக் காட்டி மடிக்கும் வலது கையில் மணிக்கட்டு முறிந்திருக்கிறது.

6. அன்று மாலையே கழியைப் பிடுங்கப் போனேன். தலைவர் படத்தில் கை வைத்தால் போலீசில் புகார் கொடுப்போம் என்றார்கள் அவருடைய ஆட்கள். அலுவலகங்களுக்கு நடந்தேன். இங்கே போ, அங்கே போ என்றதுதான் மிச்சம்.

7. கட்டுப் பிரித்ததும் புனிதா மறுபடி இதே சாலையில் மிதிவண்டியில்தான் வேலைக்கு வந்தாக வேண்டும். பஸ் ஏறிவர அவர் வீட்டுப் பக்கம் நிறுத்தம் கிடையாது. அதற்குள் நான் அந்த இடத்தை விட்டுப் போயாக வேண்டும்.

ஆகவே, பதாகையை அகற்றவும், பாதையில் கார் நிறுத்துவதைத் தடுக்கவும், மிதிவண்டிகளை உரசி ஓட்டும் பஸ் ஓட்டுநர்கள்மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். இதற்கெல்லாம் நாளாகும் என்றால், என் படத்தை நானே கிழித்துக்கொள்ள எழுத்துமூலமாக அனுமதி தாருங்கள். தலைவர் படத்தைத் தொட மாட்டேன். கீழே என் பாகத்தை மட்டும் எடுத்துவிட்டால், குனிந்தபடி ஒருவர் மிதிவண்டியில் போகும் அளவுக்கு வழி கிடைக்கும்.

அதில் இருப்பது நான்தான் என்பதற்கு ஆதார் அட்டை நகல் இணைத்துள்ளேன்.

இடம்: திண்டிவனம்
நாள்: 17.03.2025

தலைகுனிவுடன்,
அ. ராயப்பன்
(கையொப்பம்)