தவிலுக்கு ஒரு பெயர்

பிரிக்பீல்ட்ஸ், வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

பெரிய விஷயமில்லை. நாளை இங்கே நம் நாட்டு இசைவிழா, நடத்தும் பொறுப்பு என்னுடையது. நாதஸ்வரக் குழு வந்துவிட்டது, தவில் மட்டும் விமான நிலையத்தில் நிற்கிறது. சுங்கப் படிவத்தில் ‘மரக்கருவி’ என்று எழுதிய நான் அதிலுள்ள விலங்குத் தோலைக் குறிப்பிடவில்லை, பிடித்து வைத்துவிட்டார்கள்.

பக்கத்து ஊரான கிள்ளானில் கோயிலில் வாசிக்கும், இந்த நாட்டுக்காரரான லோகன் அண்ணன் தன் தவிலைக் கொண்டுவந்தார். நம் தவில்காரர் பக்கிரிசாமி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது உங்க கைக்குப் பழகின தோலு. எனக்குப் பேசாது.”

“அப்போ நானே வாசிக்கறேன் லா” என்றார் லோகன் அண்ணன், இந்த ஊர்ப் பேச்சில்.

ஆனால் இரு நாட்டு ஒப்பந்தப்படி மேடையில் இந்தியக் கலைஞர்கள் மட்டுமே ஏறலாம். சென்னையில் இருக்கும் என் மேலாளரைப் போனில் அழைத்தேன்.

“பக்கிரிசாமி பேர்லயே அவர் வாசிக்கட்டும். யாருக்கும்மா தெரியப்போகுது?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த லோகன் அண்ணன் சிரித்தார்.

“பாஸ், கிள்ளான்ல பாதிப் பேர் கல்யாணத்துக்கு நான்தான் வாசிச்சேன்.”

சிரித்தாலும் தவிலை உறைக்குள் போடத் தொடங்கிவிட்டார்.

“அவர் பேரைப் போடும்மா, நான் தாளம் போடறேன்” என்றார் பக்கிரிசாமி.

போட்டேன். கலைஞர் பட்டியலைச் சென்னை அலுவலகத்துக்கும் இந்த நாட்டு அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். மேலாளர் அதன்பின் போனை எடுக்கவில்லை.

ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது, கீழே ஹாரன் அடிக்கிறார்கள். என் அறையை வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னீர்கள் அல்லவா? ஒரு வாரம் பொறுங்கள், அப்பா. எனக்கே தேவைப்படலாம்.

உங்கள் மகள்,
யாழினி