கியர் ஒயிலும் ஒரு மாத லீவும்

ஆலங்குடா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் மகள் சிபானாவும் சுகம். கத்தார் வெயிலில் நீங்களும் சுகமாயிருக்க துஆ கேட்கிறேன். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் குறுக்கே கதைப்பீர்கள். அதனால்தான் லீவில் வந்த உங்கள் கூட்டாளி ஹுனைஸ் அங்கே திரும்பும்போது அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முழுதும் வாசியுங்கள்.

வயிற்றுப் பிள்ளை நல்லாயிருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் பிறக்கும் என்று சிலாபம் கிளினிக்கில் சொன்னார்கள். சிபானா பிறக்க எனக்கு நோவெடுத்த அன்று த்ரீவீல் நடுவழியில் நின்று நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதை நினைத்துத்தானே கார் வாங்கிப் போட்டீர்கள்? இப்போது ஒரு மாத லீவு கேளுங்கள் என்றால், "கார் இருக்கு, ஓட்டுறதுக்குத் தம்பி றஸீன் இருக்கான், நான் வந்து என்ன செய்ய" என்கிறீர்கள்.

அந்தக் காரின் கதையைக் கேளுங்கள். கியர் ஒயில் கறுத்துப் போயிற்று, கராஜில் மாற்றுவோம் என்று அன்றைக்கே சொன்னேன். கேட்டால்தானே! எஞ்சின் தெரிந்த தம்பி வீட்டிலிருக்க வெளியே கொடுத்தால் அவன் மனம் நோகும் என்றீர்கள். றஸீனும் பாவம், கடலுக்குப் போகாமல் நின்று, மணலில் பலகை போட்டுக் காரை ஏற்றிச் செய்தான். நீங்கள் வீடியோ கோலில் முதலாளி மாதிரி உத்தரவு போட்டீர்கள். ஒயில் சரியானதுதான். அளவு பார்த்ததில்தான் பிழை. அவனுடையது போட் எஞ்சினில் பழகிய கை. அதில் பார்ப்பதுபோலவே காரையும் நிப்பாட்டி, ஆறவிட்டு, அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். ஒயில் கோடு வரை நின்றது. நீங்களும் "மாஷா அல்லாஹ், போதும்" என்றீர்கள்.

திங்கட்கிழமை றஸீனோடு கிளினிக்குக்குப் போகும் வழியில், பாலாவிச் சந்தியில் வைத்துக் கார் காலை வாரிவிட்டது. எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. பின்னால் லொறிக்காரன் ஹோன் அடித்து உயிரை வாங்குகிறான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி ரோட்டோரம் நின்றேன். அன்றைக்கு நோவெடுத்திருந்தால் என் கதி என்ன?

நல்ல காலம், சந்தியில் நின்றவர்கள் பக்கத்துக் கராஜுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் எஞ்சினைச் சூடாகும் வரை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாய்ப் போட்டெடுத்து, நிப்பாட்டாமலே கம்பியை உருவிக் காட்டினார். நுனியில் மட்டும்தான் ஈரம். இந்த ஓட்டோ கியர்க் காரில் எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டுமாம். நிப்பாட்டினால் ஒயில் கீழே இறங்கி, நிறைய இருப்பதுபோல் காட்டுமாம். குறைந்ததை ஊற்றியதும் கார் பழையபடி இழுத்தது. வீட்டில் மாற்றியது குற்றமில்லை, பார்த்த விதம்தான் பிழை என்றார். இருந்தாலும் இனிமேல் கராஜில்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.

கூடப்பிறந்த நானா நீங்கள் போனில் ஏசிய ஏச்சில் றஸீன் என் முகத்தையே பார்க்கிறானில்லை. "உங்களுக்கு ஒண்டு ஆகியிருந்தா நானாக்கு என்ன சொல்லுவன் மதினி" என்று அழுதுவிட்டான். அவனை ஏசுவதற்கு முன், போதும் என்று சொன்ன வாய் யாருடையது என்று யோசித்தீர்களா? அவனுக்கு ஒரு கோல் எடுத்து நல்லபடியாகக் கதையுங்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். கார் இன்னும் சரிவரவில்லை, கியர் போய்விட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதினால் லீவு போட்டு ஓடி வருவீர்கள் என்று தெரியும். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு பொய் எழுத மனம் வரவில்லை. கார் நல்லா ஓடுகிறது. றஸீனும் கவனமாக ஓட்டுவான்.

ஆனாலும் வாங்க மச்சான். எனக்குப் பயமாயிருக்கு.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆமீன்.

வஸ்ஸலாம்,
உங்கள் ருஷ்தா