தறி நின்றால் திறக்கும் கம்ப்யூட்டர்

திங்கள், செப். 22

வெயில் குறையவே இல்லை. வீட்டு விசைத்தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றி முடித்துவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டால் உள்ளே டக் டக் என்று சத்தம். திரை நீலம். அணைத்துப் போட்டேன். மறுபடி டக் டக்.

செகண்ட் ஹேண்டாக வாங்கிய கிழட்டுப் பெட்டி. நான் போட்ட சேலை பார்டர் டிசைன் அத்தனையும் அதற்குள்தான். வேறெங்கும் காப்பி இல்லை, புத்திகெட்டவள். வெள்ளிக்கிழமை ஜவுளி முதலாளி பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் டிசைன் வேலை எனக்கு, தார் சுற்றுவதற்கு ஒரு கும்பிடு.

சாயங்காலம் மெக்கானிக் காஜா வந்தார். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "ஹார்ட் டிஸ்க் போகப்போகுதுக்கா. தூக்கிக்கிட்டு அலையாதீய, ஒரு குலுக்கு தாங்காது. இருக்குத இடத்துலயே வச்சு பென் டிரைவ்ல எடுத்திருங்க."

திறந்தால்தானே எடுக்க.

செவ்வாய்

இட்லி மாவு புளித்துவிட்டது. அது கிடக்கட்டும். கண்டுபிடித்துவிட்டேன்.

மத்தியானம் இழை அறுந்து என் வீட்டுக்காரர் தறியை நிறுத்தினார். பெட்டி திறந்தது. என் ஃபோல்டர், மாங்காய் பார்டர், எல்லாம் தெரிந்தது. அவர் தறியைப் போட்டார். போச்சு.

ஓடிப்போய் சொன்னேன். சிரிக்கிறார். "ஏட்டி, தறி ஆடுனா அதுக்கென்ன? பச்சப்பிள்ளையா, தூங்க முடியலன்னு அழுததுக்கு?"

ஆனாலும் நிறுத்திப் பார்த்தார். பழைய பென் டிரைவில் ஒரு டிசைன் ஏறியது, அடுத்தது பாதியில் நின்றது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், சுவருக்கு அந்தப்பக்கமும் தறி. தெருவே ஆடுகிறது. தீபாவளி ஆர்டர், ராத்திரியும் ஓய்வில்லை.

புதன்

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி: நாளை பராமரிப்பு, நாள் முழுக்க கரண்ட் கட். எல்லாரும் கரண்ட் ஆபீஸைத் திட்டுகிறார்கள். நான் மட்டும் அடுப்படியில் குதிக்கிறேன். இன்வெர்ட்டர் இருக்கிறது.

வாங்க: பெரிய பென் டிரைவ், பேட்டரித் தண்ணீர், கொத்தமல்லி.

வியாழன்

கரண்ட் போய்விட்டது. தெரு அமைதி. பெட்டியைப் போட்டேன், ஒரு டக் கூட இல்லை. திறந்துவிட்டது. ஏறுகிறது. கோபுர பார்டர், மயில், கட்டம். ஃபேன் ஆஃப், லைட் ஆஃப். வேர்த்து ஊற்றுகிறது, சந்தோஷமாக இருக்கிறது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும், அதனால் எழுதுகிறேன்.

பாதி ஆகிவிட்டது. இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. பேட்டரியும் கிழடு.

கரண்ட் வந்துவிட்டது. சாயங்காலம் என்றார்கள், மத்தியானமே வந்துவிட்டது. பெட்டி பிழைத்தது. ஆனால் இப்போது தறி போடுவார்களே. அவர் சட்டைகூடப் போடாமல் எழுந்து வெளியே ஓடினார்.

ஏறுகிறது. இன்னும் ஏறுகிறது.

தறிச் சத்தமே இல்லை. லைட் எரிகிறது, பக்கத்து வீட்டில் டிவி பாடுகிறது, ஒரு தறிகூட ஓடவில்லை. அத்தனை பேருக்கும் நெய்தால்தான் கூலி.

ஜன்னலைத் திறந்தேன். வீடு வீடாக நின்று சொல்லிக்கொண்டு போகிறார். "அண்ணாச்சி, செத்த நேரம் தறியப் போடாதீய. வீட்ல அவ வேலை பாத்துக்கிட்டிருக்கா."

வேலை. இதை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அழுகையாக வருகிறது. ஃபைல் ஏறிக்கொண்டே இருக்கிறது.