கொழப்பமில்ல

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கு ஜினிஷாவின் ஸ்தோத்திரம். இடுப்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்க வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

என் ஆய்வுக் கட்டுரையை ஒருவழியாக நர்சிங் இதழுக்கு அனுப்பிவிட்டேன். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய நம்மூர்க்காரர்களிடம் வலியைப் பற்றிப் போனில் விசாரித்தேனே, அதுதான். அவர்கள் ‘கொழப்பமில்ல’ என்றால் ‘பரவாயில்லை’ என்று எடுத்துக்கொண்டு வலியில்லை எனக் குறித்துவிடக் கூடாது, இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று முடித்திருக்கிறேன்.

அந்த வரியைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் குளிமுறியில் வழுக்கி விழுந்ததைச் சொன்னீர்கள். “கொழப்பமில்ல மக்கா, நீ வேலையப் பாரு” என்றீர்கள். நானும் போனை வைத்துவிட்டேன்.

அக்காவோடு தக்கலைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து அனுப்புங்கள். அப்படியே உங்கள் முகத்தையும் ஒரு படம். இன்னொரு முறை கேட்கிறேன், வலிக்காம்மா?

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. எனக்கு இங்கே கொழப்பமில்ல.

ஜினிஷா