பெர்-இல் தொடங்கும் அத்தை

முதல் திருநாள், புதன்

கோவிலில் கொடியேறிவிட்டது. ஆடி என்று பேர்தான், காற்றைக் காணோம். வேர்த்து ஊற்றுகிறது.

கோச்சிங் சென்டரில் இது ‘பெர்’ வாரம். ஆங்கிலத்தில் பெர் என்று ஆரம்பிக்கிற, எவரும் வாயில் வைக்காத வார்த்தைகள் அத்தனையும் மனப்பாடம். தெரிந்த ஆள் மேல் ஒவ்வொன்றையும் ஒட்டிவிட்டால் மறக்காது என்கிறார் சார். ஒட்டியாயிற்று.

பெர்ஃபங்க்டரி: கடனே என்று செய்வது. இவர் என்னிடம் “சாப்ட்டியா” என்று கேட்பது.
பெர்னிஷியஸ்: தெரியாமலே உள்ளே புகுந்து கெடுப்பது. மாடி வீட்டு அக்காவின் அனுதாபம்.
பெரம்ப்டரி: மறுபேச்சுக்கு இடம் வைக்காத அதிகாரம். யோசிக்கவே இல்லை. அத்தை.
பெர்ஸ்பிகேஷியஸ்: மனசுக்குள் ஓடுவதைச் சட்டென்று பிடித்துவிடுகிறவர். இந்த வீட்டில் ஆள் இல்லை. காலி.

இது என் கடைசி பேங்க் பரீட்சை. அடுத்த முறைக்கு வயசு தாண்டிவிடும்.

மூன்றாம் திருநாள், வெள்ளி

அத்தை எனக்காக நேர்ந்திருக்கிறார். எனக்கு வேலை கிடைக்க நான் கோவில் பிராகாரத்தை நூற்றெட்டு தரம் ஆடிச்சுற்று சுற்ற வேண்டும், பதினொன்றாம் நாள், தவமிருக்கும் அம்பாளுக்குச் சாமி காட்சி தருகிற தபசு அன்று, அம்பாள் முன்னால் நிற்க வேண்டும். படிக்க நேரமில்லையே என்றேன்.

“அம்பாள் ஒத்தக்கால்ல தபசு நிக்கா. ஒனக்கு ரெண்டு கால்ல நடக்க வலிக்கோ?”

பெரம்ப்டரி.

ஐந்தாம் திருநாள், ஞாயிறு

ஒரு வழி கண்டுபிடித்தேன். சுற்றுக்கு ஒரு வார்த்தை. வார்த்தை, அர்த்தம், ஆள், மூன்றையும் முணுமுணுத்துக்கொண்டே பிராகாரத்தில் நடை. அத்தை இரண்டடி பின்னால். அருமையாக ஏறுகிறது. பாதம்தான் கொப்புளம்.

பால் வாங்க மறந்தேன். இன்று யாருக்கும் காபி இல்லை.

எட்டாம் திருநாள், புதன்

மானம் போயிற்று. பின்னால் முணுமுணு என்று சத்தம். திரும்பினால் நாலைந்து பெண்கள், எல்லார் வாயிலும் “பெர்ஃபிடி, பெர்ஃபிடி.” நம்பிக்கைத் துரோகம்! அம்பாள் சன்னதியில்! ஒரு அக்கா அத்தையிடம், “ஒங்க மருமவ சொல்லுத மந்திரம் எதுக்கு நல்லது, அக்கா?”

அத்தை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “உத்தியோகத்துக்கு. வாய விட்டுச் சொல்லணும்.”

அந்த அக்கா தன் மகனுக்காக இன்னும் சத்தமாகத் துரோகம் துரோகம் என்று போனார். சிரிப்பை அடக்கி வயிறு வலி.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிட்டது. ஹால் டிக்கெட் வந்திருக்கிறது. திருநெல்வேலி, சனிக்கிழமை, மதிய ஷிப்ட். சனிக்கிழமைதான் தபசு. முடித்துவிட்டு ஓடிவந்தாலும் சாயங்காலத் தபசுக் காட்சிக்குள் ஊர் சேர முடியாது.

வேலை கிடைக்க நேர்ந்துகொண்டதே வேலைக்குப் போகவிடாது போல. அழுகையாக வருகிறது. இவரிடம் சொன்னேன்.

“நீயே அம்மாட்ட கேளு. எனக்குத் தறியில வேல கெடக்கு.”

பெர்ஃபங்க்டரி.

பத்தாம் திருநாள், வெள்ளி

தைரியம் வரவில்லை. நேற்றும் கேட்கவில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தரம் போட்டேன். இவர் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்றார்.

சாயங்காலம் அத்தை கூடத்தில் பருத்தியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார், நாளை அம்பாள் சப்பரத்தின் மேல் நேர்ச்சையாக வீசுவதற்கு. பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு பொட்டலம் எடுத்தேன். “அத்தை, நாளைக்கு...”

“பரீச்ச. தெரியும். தறிச் சத்தத்துல பேசிப் பேசி ஒம் புருசனுக்கு ரகசியம் பேச வருமா? எல்லாம் எங் காதுல விழுந்துச்சு. மத்தியானம் பரீச்சைன்னா காலைல பஸ் ஏறிரு. மிச்சச் சுத்த நான் சுத்துதேன். அம்பாட்ட நான் பேசிக்கிடுதேன்.”

“நேர்ந்தது தப்பிப்போகுமே அத்தை...”

“ஏட்டி, மறுபேச்சு பேசாத. பெரம்ப்டரின்னா அதான?”

பருத்திப் பொட்டலம் என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

“ரெண்டடி பின்னாலதான வந்தேன். செவிடா நான்? வார்த்த, அர்த்தம், அத்தை. வார்த்த, அர்த்தம், அத்தை. கோயில் முழுக்கக் கேட்டுச்சு.”

சிதறிய பருத்தியைக் குனிந்து பொறுக்கினேன். அவர்தான் சிரித்தார்.

பதினொன்றாம் திருநாள், சனி

தபசு. ஊரெல்லாம் இங்கே வர, நான் மட்டும் எதிர்த்திசையில். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

பரீட்சை பரவாயில்லை, நன்றாகவே செய்திருக்கிறேன். சொல்லக்கூடாது, கண்பட்டுவிடும். ஆனால் பெர்-இல் ஒரு வார்த்தை கேள்வியில் வரவில்லை. ஒன்றுகூட.

வீடு சேரும்போது காட்சி முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. அத்தை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என் சுற்றையும் சேர்த்துச் சுற்றிய பாதம்.

“நம்ம வார்த்த வந்துச்சாட்டி?”

அந்தக் காலைப் பார்த்துவிட்டு எப்படி இல்லை என்பது? “வந்துச்சு அத்தை. மொதக் கேள்வியே ஒங்க வார்த்ததான்.”

நிமிர்ந்து ஒரு பார்வை. “வரலன்னு மூஞ்சி சொல்லுது. மத்ததெல்லாம் நல்லா எழுதிருக்கன்னும் சொல்லுது. கையக் கழுவிட்டு வா, சாப்பிடு.”

பெர்ஸ்பிகேஷியஸ்: அத்தை.