வால் வெட்டிய சட்டை

இன்று காலை இரும்புப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. "இன்னாடா இது, ஆளக் கொல்ற மாதிரி போட்டு வச்சிக்கிற" என்று நீ திட்டுவாய் என நினைத்து ஒரு கணம் திரும்பிக்கூடப் பார்த்தேன். தில்லி துவாரகாவில் ஏழாவது மாடியில் என் பின்னால் யார் நிற்கப்போகிறார்கள்? நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. உன் மகன்தான் போன் செய்தான். "அப்பா உங்களப் பத்தி ஒரு குறையும் சொன்னதில்ல அங்கிள்" என்றான். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். முகம்தான் சுட்டது.

கிட்வாய் நகரில் ஒரு அரசாங்கக் குவார்ட்டர்ஸின் பின்னறையில் நாம் இருவரும் குடியிருந்த எழுபதுகளின் கடைசி அது. இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ். உனக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே ஆபீஸ். நான் எல்.டி.சி. கிளார்க், நீ தபால் அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில். நீ அதற்கு முன்னால் பாராசூட்டில் குதிக்கிற பட்டாளத்தில் இருந்து, ஒரு குதிப்பில் முழங்கால் போய், வெளியே வந்தவன். நானோ கும்பகோணத்தில் என்.சி.சி. பரேடுக்குக்கூட மட்டம் போட்டவன். அப்படிப்பட்ட எனக்குத்தான் பட்டாளத்துச் சட்டைப் பைத்தியம் பிடித்தது. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகச் சாயம் ஏற்றிய சட்டைகள். 'திட்டுச் சட்டை' என்று நீதான் அவற்றுக்குப் பெயர் வைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கோட்டைக்குப் பின்னால் தரையில் விரிக்கும் சந்தைக்குப் போவோம். பட்டாளம் கழித்துக் கட்டிய கம்பளி, பூட்ஸ், தண்ணீர்க் குப்பி, நடுவில் துணிக் குவியல். "அஸ்லி மால் சாப், அஸ்லி!" என்று, தன் சரக்கு அசல்தான் என எல்லாக் கடைக்காரனும் சத்தியம் செய்வான். நீ துணியைத் தொட்டுப் பார்த்து, தையலைத் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவாய். பாராசூட்காரன் சட்டைக்கு முதுகுப் பக்கம் ஒரு வால் தொங்கும். அதைத் தொடைக்கு நடுவே இழுத்து முன்னால் பட்டனில் மாட்டிக்கொண்டால்தான் குதிக்கும்போது சட்டை காற்றில் மேலே ஏறாது. வெளியே விற்கும்போது பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று வியாபாரிகள் அந்த வாலை வெட்டிவிடுவார்கள். "வாலு இருந்தாத்தான்டா அது சட்டை" என்பாய். வாலோடு ஒன்று கிடைக்க வேண்டும் என்று இரண்டு வருடம் அலைந்தேன்.

அதுவரை வால் வெட்டிய ஒன்றை மாட்டிக்கொண்டு தில்லிக் குளிர் முழுவதும் திரிந்தேன். எனக்கென்றே தைத்தது போல் அது தோளில் உட்காரும். ஒருமுறை பஸ்ஸில் ஒரு சர்தார்ஜி எழுந்து, "ஆயியே ஃபௌஜி சாப்" என்று என்னைப் பட்டாளத்துக்காரனாக நினைத்து இடம் விட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். நீ சாதா ஸ்வெட்டரில், போன முழங்காலோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு சஃப்தர்ஜங் வரைக்கும் நின்று வந்தாய். இறங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்றே வெட்கப்பட்டிருந்தால் அடுத்தது நடந்திருக்காதோ என்னவோ.

அந்த டிசம்பரில் உனக்குக் காய்ச்சல். தனியாகச் சந்தைக்குப் போன எனக்கு வால் வைத்த சட்டை கிடைத்தது. சாயம் மங்காமல், எல்லாப் பட்டனோடும். பஸ்ஸில் அதை மடியில் வைத்து அணைத்துக்கொண்டே வந்தேன். உன் கட்டிலில் விரித்துப் போட்டு, "பாருடா இப்போ" என்றேன்.

நீ காலரைத் திருப்பினாய். உள்ளே கறுப்பு மையில் எண் இருந்தது. கடைசி இரண்டு இலக்கத்தைத் தடவினாய். அப்புறம் கக்கத்தில் கைவிட்டு, அங்கே வெள்ளை நூலில் போட்டிருந்த கோணல் தையலைப் பார்த்தாய்.

"ஃபோர் நைன்" என்றாய். "இது நான் தச்சதுடா."

உங்கள் பட்டாளக் கம்பெனியில் மூன்று ஏழுமலைகள் இருந்ததையும், அதனால் எண்ணின் வாலைச் சேர்த்துத்தான் ஒவ்வொருவரையும் கூப்பிடுவார்கள் என்பதையும் அன்றுதான் சொன்னாய். ஃபோர் நைன் ஏழுமலை உன் பக்கத்து ஊர்க்காரன். வங்காளச் சண்டையில் போனான். அங்கேயே எரித்துவிட்டார்கள். அவன் சாமான்கள் ஸ்டோருக்குத் திரும்பின. வீட்டுக்குப் போனது தந்திதான்.

"ஒவ்வொரு லீவுக்கும் அவங்கம்மா கேக்குது. அவன் உடுத்துன துணி ஒண்ணாச்சும் கொண்டாந்து குடு நைனான்னு. பொங்கலுக்குப் போறேன். இத எனக்குக் குடுத்துட்றா."

உடனே "எடுத்துக்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "தொவைச்சு வைக்கிறேன், கிளம்பும்போது தர்றேன்." உன் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லத் துணிச்சல் இல்லை. கொடுக்க மனசும் இல்லை. இரண்டு வருடம் தேடியது, வாலோடு இருப்பது, இனி கிடைக்காதது. இந்த மூன்றையும் மனசுக்குள் சொல்லிச் சொல்லி எனக்கு நானே நியாயம் தேடிக்கொண்டேன்.

பிறகு செய்ததை எழுதக் கை கூசுகிறது. நான் போட்டுத் திரிந்த அந்த வால் வெட்டிய சட்டையை எடுத்தேன். துணிக்குக் குறி போடும் மையைத் தெருமுனை தோபியிடம் இரவல் வாங்கி, காலருக்குள் அந்த எண்ணை எழுதினேன். கக்கத்தில் வெள்ளை நூலில் வேண்டுமென்றே கோணலாக நாலு தையல் போட்டேன். நீ டிரங்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று மடித்துக் கொடுத்தேன்.

நீ வாங்கிக் காலரைத் திருப்பினாய். பிறகு பின்பக்க ஓரத்தை, வால் இருந்திருக்க வேண்டிய இடத்தை, விரலால் ஒருமுறை தடவினாய். நான் ஸ்டவ்வைப் பம்பு அடித்துக்கொண்டிருந்தேன், தேவையே இல்லாமல்.

"சரி" என்றாய். அவ்வளவுதான். பெட்டியில் வைத்துப் பூட்டினாய்.

ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. சட்டையை என் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். இத்தனை வருடம் அதற்காகவும் உன்மேல் கோபப்பட்டிருக்கிறேன் தெரியுமா? என் தப்புக்கு உன்மேல் கோபம். அப்படியொரு பிறவி நான்.

லீவு முடிந்து வந்ததும் டீ போட்டுக்கொண்டே நீயாகத்தான் சொன்னாய்.

"ஏழுமலையோட அம்மா விரிச்சுப் பார்த்துச்சு. 'எம்புள்ளைக்கு இம்மாம் அகலமா தோளு?'ன்னுச்சு. பட்டாளத்துச் சோறும்மா, ஒரே வருசத்துல நல்லா ஏறிட்டான்னேன். அதுக்குத் தாங்க முடியல சந்தோசம். தெருவுல எல்லாருக்கும் தோள்பட்டையக் காட்டிக்கினு திரிஞ்சிச்சு."

டம்ளரை என் பக்கம் நகர்த்தினாய். "அவன் சட்டையத் தொவைக்காத. அப்படியே வச்சிரு" என்றாய். அதற்குள் அதைத் துவைத்திருந்தேன். அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை.

அதன்பின் நீ சந்தைக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றாய். எனக்குக் கல்யாணமானபோது லக்ஷ்மிபாய் நகரில் வீடு பார்த்துக் கொடுத்தாய், என் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தாய். ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊரோடு போன பிறகு நீ எழுதிய ஒரே கடிதத்தில்தான், நலம் விசாரிப்புக்கு நடுவே, ஏழுமலையின் அம்மா காலமானதையும், அவள் கேட்டுக்கொண்டபடி அந்தச் சட்டையை அவள் மார்பில் போர்த்தி எடுத்துப் போனதையும் எழுதியிருந்தாய். நான் பதில் போடவில்லை.

மற்ற சட்டைகளையெல்லாம் வெவ்வேறு காலத்தில் யார் யாருக்கோ கொடுத்துவிட்டேன். பெட்டியில் இருப்பது வாலோடு கூடிய இது ஒன்றுதான். வாங்கிய அன்றே போட்டுப் பார்த்தேன், தோளில் ஏறவில்லை. இன்றும் விரித்துப் பார்த்தேன். மிகச் சின்ன ஆள் அவன், மீசை முளைத்திருந்தாலே அதிகம்.

ஒரு தாய் தன் பிள்ளை என்று நெஞ்சில் போட்டுக்கொண்டு போனது என் தோளை. பிள்ளையின் சட்டை இங்கே என் மடியில் கிடக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க அந்த வீட்டில் இனி யாரும் இல்லை. கொண்டுபோகச் சொல்ல நீயும் இல்லை.